ஈரக் கம்பளியும் சில்லறை மந்திரமும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனை உலக ஆட்டங்கள் இப்போது நம் ஊர்களிலும் பரவலாகி வருகின்றன. ஆட ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் தீக்கோளம், மின்னல், பறப்பது பற்றித்தான் பேசுகிறார்கள். கம்பளியைச் சூடாக்கும் மந்திரம், கிழிந்த துணியை ஒட்டும் மந்திரம் போன்றவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சிகள் பிரிந்துவிடும். "அதை வச்சு ஒரு எலியைக்கூடக் கொல்ல முடியாது, வேஸ்ட்" என்பது ஒரு கட்சி. "சாமர்த்தியம் இருந்தா அதை வச்சே எல்லாத்தையும் முடிச்சிடலாம்" என்பது இன்னொன்று. இரண்டு பேருமே அந்த மந்திரத்தின் விதியை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். கோத்தகிரியில் ஒரு சின்னக் குழுவுக்கு இந்த ஆட்டத்தை நடத்தி வருகிறேன். அங்கே இந்தச் சண்டை அடிக்கடி வருவதால், விஷயத்தை அடியிலிருந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஆட்டம்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது ஒரு கதையைப் பல பேர் சேர்ந்து வாயாலேயே நடத்துவது. ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தை விவரிப்பவரும், அதில் வரும் மற்ற ஆட்களாகப் பேசுபவரும், விதி தெளிவாக இல்லாத இடத்தில் தீர்ப்புச் சொல்பவரும் அவர்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். கேம் மாஸ்டர் நிலைமையைச் சொல்வார், "என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்பார், ஆடுபவர் பதில் சொல்வார். விளைவு சந்தேகமாக இருந்தால் மட்டும் பகடை உருளும்.

இந்த வகையில் முதலில் கடைக்கு வந்தது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974-இல் வெளியிட்டது. கீழே நான் சொல்லும் விதிகள் பெரும்பாலும் அதன் 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பிலிருந்து. அந்தப் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் எடுத்தாளக்கூடிய உரிமத்தில் வந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கிறது, படித்துப் பாருங்கள்.

சிலிண்டரும் கவாத்துக் குச்சியும்

மலையில் தேயிலைத் தோட்டப் பக்கம் இருக்கும் வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். கேஸ் சிலிண்டர் ஒன்றுதான் இருக்கும், அடுத்தது வரும்வரை அதை வைத்து ஓட்ட வேண்டும். அதனால் சமையலுக்கு மட்டும் அதைப் பற்றவைப்பார்கள். குளிக்க வெந்நீர் போடுவதும், கை காய்வதும், ஈரத் துணியை உலர்த்துவதும் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியில் நடக்கும். குச்சித் தீயில் கல்யாணச் சமையல் ஆகாது. ஆனால் எத்தனை தடவை மூட்டினாலும் சிலிண்டர் குறையாது.

ஆட்டத்தில் மந்திரவாதியின் நிலைமையும் இதுதான். பெரிய மந்திரங்களுக்கு ஸ்பெல் ஸ்லாட் வேண்டும். ஸ்பெல் ஸ்லாட் என்பது ஒரு நாளில் இத்தனை முறைதான் என்று அளந்து கொடுக்கப்பட்ட மந்திர இருப்பு. முதல் நிலை மந்திரவாதிக்கு, அதாவது ஆட்டத்தை இப்போதுதான் தொடங்கும் பாத்திரத்துக்கு, அது வெறும் 2. இரண்டையும் செலவழித்துவிட்டால், 8 மணி நேரம் நன்றாக ஓய்வெடுத்த பிறகுதான் முழுசாகத் திரும்பும். இன்னொரு வகை மந்திரத்துக்குக் கேன்ட்ரிப் என்று பெயர். இருப்பில் எதுவும் குறையாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய மந்திரம் அது. முதல் நிலை மந்திரவாதி இதில் 3 கற்றிருப்பார். கேன்ட்ரிப்களில் அடிக்கிற வகையும் உண்டு. அடிக்காமல், வாழ்க்கையைக் கொஞ்சம் சுலபமாக்குகிற வகையைத்தான் இந்தக் கட்டுரையில் சில்லறை மந்திரம் என்று சொல்கிறேன்.

ஆரம்ப காலத்தில் இந்த வசதியே கிடையாது. 1974-இன் முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைப் போட்டு முடித்தால் மிச்ச நாள் முழுக்க மற்றவர்கள் பின்னால் நடக்க வேண்டியதுதான். 1980-களில் கேன்ட்ரிப் வந்தபோதும் கணக்குப் போட்டுத்தான் கொடுத்தார்கள். வரம்பில்லாமல் போடலாம் என்று டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆனது 2008-இன் நான்காம் பதிப்பில். "இதெல்லாம் வேஸ்ட்" என்ற பேச்சுக்கு அந்தப் பழைய கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எண்ணி எண்ணிச் செலவழிக்கிற காலத்தில் யார் கம்பளியைச் சூடாக்குவார்கள்?

சுருக்கமாக: பெரிய மந்திரம் இருப்பிலிருந்து போகிறது, சில்லறை மந்திரம் போகாது. ஆகவே "இது எவ்வளவு பலமானது?" என்று கேட்பதைவிட "இதை எத்தனை இடத்தில் போடலாம்?" என்று கேட்பதுதான் இதற்குப் பொருந்தும்.

ஒரு மந்திரத்தைப் பிரித்துப் பார்ப்போம்

சில்லறை மந்திரங்களில் மிகவும் புகழ்பெற்றது பிரெஸ்டிடிஜிடேஷன். வாயில் நுழையாத பெயர். எங்கள் மேசையில் அதைப் "பிரெஸ்டி" என்றே கூப்பிடுகிறோம். 10 அடிக்குள் இருப்பதன்மேல் போடலாம். இதனால் ஆகும் வேலைகள் இவ்வளவுதான்: ஆபத்தில்லாத ஒரு சின்ன அறிகுறியை உண்டாக்குவது, அதாவது பொறி பறப்பது, லேசாகக் காற்று வீசுவது, ஏதோ ஒரு வாசனை வருவது மாதிரி. மெழுகுவர்த்தி, பந்தம், சின்ன நெருப்பு ஆகியவற்றை ஏற்றுவது, அணைப்பது. ஒரு கன அடிக்கு மிகாத பொருளைச் சுத்தம் செய்வது, அல்லது அழுக்காக்குவது. ஒரு கன அடிக்கு மிகாத உயிரற்ற பொருளை ஒரு மணி நேரத்துக்குச் சூடாக்குவது, குளிராக்குவது, சுவை மாற்றுவது. ஏதாவது ஒரு பரப்பில் நிறமோ குறியோ ஒரு மணி நேரத்துக்கு வரவைப்பது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பொருளையோ தோற்றத்தையோ சில விநாடிகள் காட்டுவது. நீடிக்கும் விளைவுகளில் ஒரே நேரத்தில் 3 வரை வைத்துக்கொள்ளலாம்.

இதில் புதியவர்கள் அளவு தெரியாமல் தாண்டிப்போகும் வார்த்தை "கன அடி". ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு குடம் தண்ணீர். கண்ணுக்கு முன்னால் இரண்டு குடத்தை வைத்துப் பார்த்தால் இது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். மடித்த கம்பளி அதற்குள் அடங்கும். ஒரு ஆள் குளிக்க அந்தத் தண்ணீர் போதும்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டம் இருக்கிறது. அதன் 2019-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பிலும் இதே பெயரில் இதே மாதிரி மந்திரம் உண்டு. ஆனால் அங்கே சூடாக்கும் அளவு ஒரு பவுண்டு எடை, அதாவது அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. குளியல் தண்ணீர் போய் இரண்டு மூன்று டம்ளர் டீயாகச் சுருங்கிவிடுகிறது. ஓர் ஆட்டத்தில் கேட்டதை இன்னோர் ஆட்டத்தில் அப்படியே நம்பிப் பேசுவதால்தான் இதில் பாதிச் சண்டை வருகிறது.

அப்புறம் "உயிரற்ற" என்ற வார்த்தை. நனைந்து நடுங்குகிற ஆளைச் சூடாக்க முடியாது. அவர் போர்த்தியிருக்கும் போர்வையைச் சூடாக்கலாம். காலில் ஒட்டிய சேற்றை இதனால் எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார்; சேறு பூட்ஸில் ஒட்டியிருந்தால் பூட்ஸைச் சுத்தம் செய்யலாம் என்றேன். அடுத்து அட்டையைப் பற்றிக் கேட்டார். அட்டை உயிருள்ளது, அழுக்கும் அல்ல. அதற்கு உப்புதான்.

எவ்வளவு சூடு என்று விதி சொல்லவில்லை. கொதிக்குமா? பெரும்பாலான மேசைகளில் "குடிக்க இதமான சூடு" என்று வைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான். அரிசி இதில் வேகாது.

கதையிலிருந்து எண்ணுக்கு

சரி, இதமான சூட்டினால் ஆட்டத்தில் என்ன மாறும்? தீக்கோளம் போட்டால் எதிரியின் உயிர்ப் புள்ளி எவ்வளவு குறையும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. கம்பளியைச் சூடாக்கினால் எந்தப் புள்ளியும் நேரடியாக மாறாது. முதல் கட்சி இங்கேயே நின்றுவிடுகிறது. மாறுவது நிலைமை. நிலைமை மாறியதும் கேம் மாஸ்டர் சொல்ல வேண்டிய தீர்ப்பு மாறுகிறது, அந்தத் தீர்ப்பு வழியாகப் பகடைக் கணக்கும் மாறுகிறது.

இது நடந்த விதத்தை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில், 1820-களில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஏறிய பழைய பாதை ஒன்று உண்டு. அதை மனசில் வைத்து ஒரு கற்பனை மலைப்பாதை வரைந்திருந்தேன். பருவம் நவம்பர், வடகிழக்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு அதிக மழை வருவது அப்போதுதான். குழு இருட்டில் ஒரு தனி வீட்டுக்கு வந்து சேர்கிறது. உள்ளே ஒரு பாட்டி. பாதையில் கொள்ளையர் நடமாட்டம் இருப்பதால் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

போர்வீரனாக ஆடுகிற அண்ணன் கதவை உடைக்கலாம் என்றார். மந்திரவாதியாக ஆடுவது பிளஸ் டூ படிக்கிற தம்பி. அவன் வேறு பக்கம் போனான்.

"அக்கா, வாசல்ல விறகு அடுக்கியிருக்குன்னு சொன்னீங்க. அது நனைஞ்சிருக்கா?"

"சாரல்ல நல்லாவே நனைஞ்சிருக்கு."

"அப்ப பாட்டி அடுப்பு புகைஞ்சுக்கிட்டுத்தானே இருக்கும்?"

நான் அதுவரை யோசிக்கவில்லை. ஆனால் ஈர விறகு புகையத்தான் செய்யும். ஆமாம் என்றேன். அவன் மூன்று சின்னக் கட்டாகப் பிரித்து, மூன்றையும் சூடாக்கி, தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் வைக்கிறேன் என்றான். சூடாக்கலாம் என்று விதி சொல்கிறது, உலர்த்தலாம் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் சூடாக இருக்கிற விறகின் மேல் ஈரமாவது போகும் என்று தீர்ப்புச் சொன்னேன். அவன் ஒரு கட்டை ஜன்னல் வழியே உள்ளே நீட்டினான்.

"யாருப்பா நீங்கள்லாம், இந்த மழையில?" என்றார் பாட்டி, என் குரலில்.

இப்போது பகடை. இந்த ஆட்டத்தில் 20 பக்கப் பகடையை உருட்டி, வரும் எண்ணோடு பாத்திரத்தின் திறமை எண்ணைக் கூட்ட வேண்டும். கேம் மாஸ்டர் வைத்த இலக்கை எட்டினால் வெற்றி. பாட்டியைச் சம்மதிக்கவைக்க நான் வைத்த இலக்கு 15, தம்பியின் திறமை 2. ஆக, 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கு வாய்ப்பு 40 சதவீதம். விறகு கொடுத்ததால் அட்வான்டேஜ் தந்தேன். அட்வான்டேஜ் என்பது பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வது. அதே 13 விழும் வாய்ப்பு இப்போது 64 சதவீதம். விழுந்தது 6, அடுத்து 14. ஒரு பகடையோடு போயிருந்தால் ராத்திரி முழுக்க வெளியேதான்.

செலவான ஸ்பெல் ஸ்லாட் பூஜ்யம். மறுநாள் காலையில் கொள்ளையரைச் சந்தித்தபோது தம்பியிடம் இரண்டு ஸ்லாட்டும் அப்படியே இருந்தன. போர்வீரன் அண்ணன் மட்டும் கதவை உடைத்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த உதாரணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விறகு நனைந்திருக்கிறது என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மந்திரத்துக்கு அங்கே வேலையே இல்லை. கேம் மாஸ்டர் ஈரம், சேறு, புகை, குளிர், பசி எதையும் விவரிக்காமல் "அடுத்த நாள் காலை" என்று தாண்டிப் போகிறவராக இருந்தால், சில்லறை மந்திரம் நிஜமாகவே வேஸ்ட்தான். முதல் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட மேசையிலிருந்து வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

விதிப் புத்தகமும் இதில் பெரிதாக உதவாது. ஐந்தாம் பதிப்பில் கடுங்குளிருக்கு ஒரு விதி உண்டு. வெப்பம் 0 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்குக் கீழே போனால், ஒவ்வொரு மணி நேர முடிவிலும் உடல் தாங்குகிறதா என்று பகடை போட வேண்டும். தவறினால் ஒரு படி சோர்வு. சோர்வுக்கு 6 படிகள், ஆறாவது படி மரணம். ஆனால் 0 ஃபாரன்ஹீட் என்பது நம் கணக்கில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். ஜனவரி உறைபனியில் ஊட்டியில் புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடக்கும் அதிகாலைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. விதிப்படி பார்த்தால் ஊட்டியில் யாருக்கும் குளிரவே கூடாது!

அந்த இடைவெளியை மேசையில்தான் நிரப்ப வேண்டும். ஈரக் கம்பளியோடு படுத்தால் மறுநாள் முதல் சோதனையில் டிஸ்அட்வான்டேஜ் என்பது எங்கள் வழக்கம். இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும் என்று பொருள். புத்தகத்தில் இல்லாதது, நாங்களாக வைத்துக்கொண்டது. இப்படி ஒரு சின்ன வழக்கம் இருந்தாலே போதும், இரவு தங்கும்போது எல்லோரும் மந்திரவாதியைத் தேடிவருவார்கள்.

மறுபடி சுருக்கமாக: சில்லறை மந்திரம் நிலைமையை மாற்றும், கேம் மாஸ்டர் அந்த மாற்றத்துக்கு ஒரு விலை போடுவார், அந்த விலை பகடையில் தெரியும். சில சமயம் பகடையே வேண்டாம் என்றும் சொல்லிவிடுவார்.

எங்கே நிற்கும்

இரண்டாவது கட்சிக்கு வருவோம். சாமர்த்தியம் இருந்தால் எல்லாம் ஆகும் என்பவர்கள் பெரும்பாலும் விதியின் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். சுவை மாற்றலாம் என்பதால் கெட்டுப்போன குழம்பைச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். சுவைதான் மாறும், குழம்பு கெட்டதாகவே இருக்கும். விஷத்தையும் நோயையும் உணவிலிருந்து எடுக்க வேறு மந்திரம் இருக்கிறது, அது கேன்ட்ரிப் அல்ல, முதல் நிலை மந்திரம். சொல்லப்போனால் இந்தச் சுவை மாற்றும் வித்தை விஷத்தை மறைக்கத்தான் அதிகம் பயன்படும். விருந்துக்குக் கூப்பிட்ட எதிரியிடமும் ஒரு மந்திரவாதி இருக்கலாம் என்பதை ஆடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மெண்டிங் என்ற கேன்ட்ரிப் உடைந்ததை ஒட்டும். அறுந்த சங்கிலிக் கண்ணி, கிழிந்த மேலங்கி, ஒழுகும் தோல் பை எல்லாம் சரியாகும். ஆனால் உடைசல் எந்தப் பக்கமும் ஓர் அடிக்கு மேல் இருக்கக் கூடாது, போட ஒரு நிமிடம் ஆகும். சண்டைக்கு நடுவில் ஒரு நிமிடம் என்பது 10 சுற்று. அதற்குள் சண்டையே முடிந்துவிடும். தங்கிய இடத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. குடைக் கம்பி மூன்று இடத்தில் உடைந்திருந்தால் மூன்று முறை போட வேண்டும்.

லைட் என்ற மந்திரம் ஒரு பொருளை ஒரு மணி நேரம் ஒளிரவைக்கும். 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கப்பால் இன்னொரு 20 அடிக்கு மங்கல். மேகம் இறங்கிவிட்டால் இதனால் பயன் இல்லை. அடர்ந்த மூடுபனி விதிப்படியே பார்வையை மறைக்கும், வெளிச்சம் அதை விலக்காது. டிசம்பரில் கோத்தகிரி ஏறும் சாலையின் குஞ்சப்பனை வளைவுகளில் ஹை பீம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வசதி அதிகமானால்

சில்லறை மந்திரம் கஷ்டத்தைக் குறைக்கும். சில மந்திரங்கள் கஷ்டத்தையே துடைத்துவிடும். அவற்றைச் சில்லறையோடு சேர்த்துப் பேசக் கூடாது. குட்பெர்ரி என்று ஒரு முதல் நிலை மந்திரம், 10 பழம் வரை உண்டாக்கும். ஒரு பழம் தின்றால் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. ஒரே ஸ்லாட்டில் ஒரு குழுவின் பசி தீர்ந்தது. டைனி ஹட் என்பது மூன்றாம் நிலை மந்திரம் (மந்திரத்தின் நிலை வேறு, மந்திரவாதியின் நிலை வேறு). 10 அடி ஆரத்தில் ஒரு குவிமாடம், 8 மணி நேரம், வெளியே என்ன மழை பெய்தாலும் உள்ளே காய்ந்தும் இதமாகவும் இருக்கும். இதை ரிச்சுவலாகவும் போடலாம். ரிச்சுவல் என்றால் 10 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஸ்லாட் செலவில்லாமல் போடுவது. மந்திரவாதி ஐந்தாம் நிலைக்கு வந்து இதைக் கற்றுக்கொண்ட நாளோடு ஈரக் கம்பளிக் கதை முடிந்துவிடும்.

இதில் தப்பொன்றும் இல்லை. வளர்ந்த வீரர்கள் இன்னும் எத்தனை நாள் நனைந்துகொண்டே இருப்பது? ஆனால் மலையேறிப் பிழைப்பதுதான் கதை என்று வைத்திருக்கும் மேசையில் இந்த இரண்டைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசிக்கொள்வது நல்லது. நடுவில் தடை போட்டால் மனஸ்தாபம் வரும். ஒளி, சூடு, சுத்தம் இவற்றை மட்டும் நான் ஒருபோதும் தடுப்பதில்லை. அவை கதையைச் சுருக்குவதில்லை. ஆடுபவர்களைச் சுற்றுமுற்றும் பார்க்கவைக்கின்றன, விறகு நனைந்திருக்கிறதா என்று கேட்கவைக்கின்றன.

முதல் பாத்திரத்துக்கு எதை எடுப்பது

முதல் நிலை மந்திரவாதிக்கு 3 கேன்ட்ரிப் என்று சொன்னேன். ஒன்று அடிக்கிற வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சண்டையில் சும்மா நிற்க நேரும். இரண்டாவதாகப் பிரெஸ்டியை எடுங்கள். மூன்றாவது உங்கள் குழுவைப் பொறுத்தது. எல்ஃப், ட்வார்ஃப் மாதிரி இருட்டில் பார்க்கிற இனத்தவராகவே எல்லோரும் இருந்தால் லைட் தேவைப்படாது. அப்போது மேஜ் ஹேண்ட் எடுக்கலாம். 30 அடி தூரம் வரை நீளும் ஒரு மாயக் கை, 10 பவுண்டு வரை தூக்கும், அடிக்கத் தெரியாது. மனிதர் ஒருவர் குழுவில் இருந்தாலும் லைட் எடுத்துவிடுங்கள். மெண்டிங்கை வேறு யாராவது, உதாரணமாகக் குழுவில் உள்ள பூசாரிப் பாத்திரம், எடுத்துக்கொண்டால் போதும்.

எடுத்த பிறகு முதல் நாளே கேம் மாஸ்டரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: சூடு என்றால் எவ்வளவு சூடு, ஈரத்தோடு தூங்கினால் என்ன ஆகும். இரண்டாவதற்கு "ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால், பிரெஸ்டிக்குப் பதிலாக அடிக்கிற கேன்ட்ரிப் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம்.